ஜூலை டிரைவரும் அப்பாவின் சட்டையும்

அந்த கிராபிக்ஸ் கார்டு என் கைக்கு வந்தபோது அதன் விசிறி சுற்றவில்லை. சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தில், வெடிக் கட்டுகளுக்கு லேபிள் வடிவமைக்கும் பிரிவில், ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டினார்கள். மேனேஜர் கார்டை மட்டும் கழற்றி மேசையில் வைத்து, "எடுத்துக்கிறீகளா, இல்ல பழைய இரும்புல போட்டுறவா?" என்றார். லேபிள் தாளில் சுற்றி, காலியான டிபன் டப்பாவுக்குள் வைத்து ஆமத்தூருக்குக் கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டில் தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயை வாங்கி விசிறியின் நடுவில் ஒரு சொட்டு விட்டேன். கொஞ்சம் முனகிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு. எங்கள் வீடு நீளமான ஒரே அறை. ஒரு கோடியில் அடுப்பு, மறுகோடியில் என் மேசை. கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய பழைய கம்ப்யூட்டர் அதன் மேல் இருந்தது. மூன்று பேரும் படுக்கும் இடம் இரண்டுக்கும் நடுவில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா கையெழுத்துப் போடுவார். அம்மா பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

அந்தக் கார்டை நான் கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக எடுத்து வரவில்லை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற திட்டங்கள் அப்போது பரவிக்கொண்டிருந்தன. நான் சேர்ந்திருந்தது வானத்திலிருந்து வரும் ரேடியோ இரைச்சலை அலசுகிற ஒரு திட்டம். அவர்கள் இரைச்சலைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவார்கள். நம் கம்ப்யூட்டர் அந்தத் துண்டைக் கணக்குப் போட்டுப் பார்த்து விடையைத் திருப்பி அனுப்பும். கம்ப்யூட்டர் தனியாகப் போட்டால் பகல் முழுவதும் இழுக்கும் கணக்கை கிராபிக்ஸ் கார்டு இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடும்.

ஒவ்வொரு துண்டையும் இரண்டு பேருக்கு அனுப்புவார்கள் என்பதுதான் என்னைப் பிடித்து இழுத்தது. இரண்டு விடையும் ஒத்துப்போனால், திட்டத்தின் இணையதளத்தில் நமக்கென்று இருக்கும் பக்கத்தில் 'சரி' என்று விழும். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவதாக ஒருவருக்கு அனுப்பி, யாருடையது தவறு என்று முடிவு செய்வார்கள். அந்த இன்னொருவர் யார் என்று தெரியாது. ஒரு எண்ணும் அவருடைய கம்ப்யூட்டரின் வகையும் மட்டும் தெரியும். மாலையில் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தப் பக்கத்தைத் திறப்பேன். சரி, சரி, சரி என்று வரிசையாக இருக்கும். அன்றைக்கு என்னோடு ஒத்துப்போன ஆட்கள் அவர்கள்தான்.

கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். என் தெருவில் என் வயதுக்காரர்கள் காலையில் கம்பெனி வேனில் ஏறி வெடி ஆலைக்குப் போய்விட்டு மாலையில் வருவார்கள். டீக்கடையில் அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் போனால், "ஏலே, படிச்சவக வந்துட்டாக, ஒழுங்காப் பேசுங்கலே" என்று ஒருவன் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு பேச்சு வேறு மாதிரி ஆகிவிடும். நானும் டீயை அவசரமாகக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

ஆடி முடிந்த சமயம் திட்டத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. கணக்குப் போடும் மென்பொருளைப் புதுப்பிக்கிறார்கள். இனி கார்டுக்கு ஜூன் மாதமோ அதற்குப் பிறகோ வெளிவந்த டிரைவர் வேண்டும். டிரைவர் என்பது கார்டையும் கம்ப்யூட்டரையும் பேசிக்கொள்ள வைக்கும் மென்பொருள். என்னிடம் இருந்தது மார்ச் மாதத்து டிரைவர். அதை மாற்றாவிட்டால் என் கார்டு அந்தக் கூட்டத்தில் இல்லை.

வீட்டில் இருந்த இணைய இணைப்பு எழுத்துப் பக்கங்களுக்கும் அந்தச் சின்னத் துண்டுகளுக்கும்தான் லாயக்கு. டிரைவர் போன்ற பெரிய கோப்பை இறக்க விருதுநகருக்குத்தான் போகவேண்டும். அங்கே ஒரு பாய் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பென் டிரைவோடு போய் உட்கார்ந்தால் ஒரு டிரைவர் இறங்குவதற்குள் அவர் இரண்டு தடவை டீ சொல்லிவிடுவார்.

"தம்பி, போன வாரமும் இதத்தான எறக்குனீக?"

"அது ஜூன் மாசத்துது பாய். இது ஜூலை."

"அப்ப அடுத்த வாரம் ஆகஸ்டா? நல்லது. நீங்க காலண்டர் ஊர்ல வேல பாக்குறதுக்குச் சரியாத்தான் இருக்கு."

பழைய கார்டுக்குப் புதிய டிரைவர் என்பது சிக்கலான விஷயம். என் கார்டில் நினைவகம் குறைவு. டிரைவர் புதிதாக ஆக ஆக அந்த நினைவகத்தில் தனக்கென்று அதிகமாக எடுத்துக்கொள்ளும். செப்டம்பர் டிரைவரைப் போட்டபோது கணக்குக்கு இடமே மிஞ்சவில்லை. வேலை கார்டை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் தலையில் விழுந்தது. ஆகஸ்ட் டிரைவர், திரை அணைந்தவுடன் கார்டையும் தூங்கவைத்துவிடும். ஜூன் டிரைவரில் கணக்கு பாதியில் அறுந்தது. ஜூலை டிரைவர்தான் பொருந்தியது. ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன்னால் முந்தியதை வேரோடு எடுக்கவேண்டும், நடுவில் இரண்டு முறை கம்ப்யூட்டரை அணைத்துப் போடவேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மாதவாரியாக எழுதி வைத்தேன். ஜூலைக்கு எதிரே 'பொருத்தம்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். பத்து நாள் ஒரு தவறுகூட இல்லை.

அப்போதுதான் புரட்டாசி மழை பிடித்தது.

அப்பாவுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வெடி ஆலையில் மருந்து கலக்கும் வேலை. எங்கள் பக்கம் வெடிக்குள் போகும் ரசாயனப் பொடியை மருந்து என்றுதான் சொல்வார்கள். அதில் அலுமினியப் பொடியும் சேரும்; அதற்கு சில்வர் என்று பெயர். அப்பா அங்கேயே குளித்துவிட்டுத்தான் வருவார். அப்படியும் காது மடிப்பில் வெள்ளியாக மினுங்கும். வேலைச் சட்டையை அடுப்புப் பக்கம் கொண்டு வரக்கூடாது என்பது எங்கள் வீட்டில் அப்பா போட்ட ஒரே சட்டம். அலசியதும் வெளியே வேலியில் காயும். காய்ந்ததும் உதறி மறுநாள் போட்டுக்கொள்வார். மழைக்காலத்தில் மட்டும் ஈரத்தோடு போட்டுக்கொண்டு வேனில் ஏறுவார். தீபாவளி நெருங்கிவிட்டதால், மழை விட்ட நேரமெல்லாம் வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

ஒரு நாள் அம்மா ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்து நின்றாள். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏய்யா, இது எந்நேரமும் இப்பிடித்தான் கொதிக்குமா?"

"கணக்குப் போடையில கொதிக்கும்மா."

"தீ கீ உண்டா உள்ள?"

"தீயெல்லாம் இல்ல. வெறும் சூட்டுக் காத்துதான்."

அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் அவ்வளவுதான். நானே எழுந்து, ஜன்னல் கம்பியிலிருந்து மேசைக்கு மேலே ஒரு கயிறு கட்டினேன். தீ கூடாது என்கிற சட்டத்தை மீறாமல் சட்டையைக் காயவைக்க வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நான் படித்த படிப்பு அந்த வீட்டுக்கு ஏதோ ஒரு வகையில் பயன்பட்டதாக நினைத்தேன்.

மறுநாள் காலையில் அப்பா சட்டையைக் கையில் வாங்கி நின்றார். "என்னடி இது, கதகதன்னு இருக்கு?"

"ஒங்க மகன் டப்பாக் காத்து."

அவர் சட்டையை மாட்டினார். பொத்தானை மெதுவாகப் போட்டுக்கொண்டு போனார். ஆனால் அன்று மாலை நேரே என் மேசைக்குப் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அதற்கு முன் அந்த மூலைக்கு அவர் வந்ததே இல்லை. திரையில் ஓடும் கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னத்தத்தாம்லே தேடுது இது?"

"வானத்துல இருந்து வர்ற சத்தம்பா. அங்கன யாரும் இருக்காகளான்னு."

"இருந்தா?"

"இருந்தா... தெரிஞ்சுக்கிறலாம்."

"நாம போடுற வெடிச் சத்தத்துல அவுக காது அடச்சுப் போயிருக்கும்லே. நீ கூப்டாலும் கேக்காது."

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். அதன் பிறகு தினமும் மாலையில் அப்பா அங்கே வந்து உட்கார்ந்தார். பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. சட்டை காய்கிற வரைக்கும் இருப்பார். "இன்னிக்கி எத்தன சரி?" என்று கேட்பார். சொல்வேன். தலையாட்டுவார்.

அந்த எண்ணிக்கைதான் குறைய ஆரம்பித்தது. முதலில் ஒரு தவறு. மறுநாள் மூன்று. என் விடை ஒரு பக்கம், மற்ற இருவருடையது மறுபக்கம். தவறு அதிகமானால் திட்டத்தின் சர்வர் நம்மை நம்புவதைக் குறைத்துக்கொள்ளும். அனுப்புகிற வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் ஒரு நாளைக்கு ஒன்று என்று நிறுத்திவிடும். ஒரே வாரத்தில் நான் அந்த ஒன்றுக்கு வந்துவிட்டேன். அதுவும் தவறாகத்தான் போனது.

அப்பா கேட்டபோது, "இன்னிக்கி அஞ்சு சரிப்பா" என்று பொய் சொன்னேன்.

டிரைவர்தான் காரணம் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. நோட்டில் 'பொருத்தம்' என்று எழுதியதை அடித்தேன். மறுபடி ஜூன், மறுபடி ஆகஸ்ட், இடையில் வந்த திருத்தப் பதிப்புகள் என்று பாயின் கடைக்கு வேலை முடிந்த பிறகும் ஓடினேன். தினம் ஒரே ஒரு வேலைதான் வரும். அதில் ஒரு டிரைவரைத்தான் சோதிக்க முடியும். திட்டத்தின் இணையதளத்தில் கேள்வி பதில் பக்கம் ஒன்று உண்டு. அகராதி வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டேன். பனி கொட்டுகிற நாடு ஒன்றிலிருந்து ஒருவர் பதில் போட்டார். தானும் இதே கார்டுதான் வைத்திருப்பதாகவும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாகவும், இப்போது பொழுதுக்கு இதுதான் துணை என்றும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: கார்டில் தூசி இருக்கிறதா, பார்த்தீர்களா?

என் அறையில் தூசி கிடையாது என்று பதில் எழுதினேன். 'என் அறை' என்று எழுதும்போதே கூச்சமாக இருந்தது. அடுப்பும் படுக்கையும் கம்ப்யூட்டரும் ஒரே இடத்தில் இருக்கும் வீடு என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. பார்க்காமலே எழுதினேன். அதோடு விடவில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஓர் எச்சரிக்கையும் போட்டேன்: இந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் ஜூலை டிரைவரைப் போடவேண்டாம், பத்து நாள் நன்றாக ஓடிவிட்டுத் தவறான விடை தரும்.

இரண்டு நாள் கழித்து அவர் எழுதினார். என் எச்சரிக்கையைப் படித்து ஜூலை டிரைவரை எடுத்துவிட்டாராம். மற்றது எதுவும் அவர் கார்டில் ஓடவில்லையாம். அதனால் கார்டையே நிறுத்தி வைத்துவிட்டாராம். தவறான விடை அனுப்புவதைவிடச் சும்மா இருப்பது மேல், முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி என்று முடித்திருந்தார்.

என் பேச்சைக் கேட்டு ஒருவர் நடந்தது அதுதான் முதல் முறை. அந்த நன்றியை நான்கைந்து தடவை படித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடாமல் மழை. அப்பாவுக்கு வேலை இல்லை. பாய் கடைக்கும் போக முடியவில்லை. கார்டின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதற்கென்றே தனியாக டிரைவர் ஏதாவது உண்டா என்று தேடலாம் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரை அணைத்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தேன்.

கார்டு முழுவதும் வெள்ளியாக மினுங்கியது. விசிறி இறகுகளின் ஓரத்தில் வெள்ளி. அதற்கடியில் இருந்த சூடு தணிக்கும் தகடுகளுக்கு நடுவே அப்பிப் போயிருந்தது. கரிய சில்லுகளின் கால்களுக்கு இடையிலும் மெல்லிய பூச்சு. அப்பாவின் காது மடிப்பில் இருப்பதேதான். மேலே பார்த்தேன். கயிற்றில் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சட்டை காயக் காயப் பொடி உதிர்ந்திருக்கிறது; விசிறி அதை இழுத்து உள்ளே போட்டிருக்கிறது. அது மின்சாரத்தைத் தப்பான வழியில் கடத்தியதா, விசிறியை அடைத்துச் சூடேற்றியதா, எனக்குச் சொல்லத் தெரியாது. டிரைவர் மேல் குற்றமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"என்னலே, அப்பிடியே நிக்க?" அப்பா எழுந்து வந்தார்.

"ஒண்ணுமில்லப்பா."

அவர் குனிந்து ஒற்றை விரலால் தொட்டார். தேய்க்காமல், விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"கரண்ட அணைலே."

"அணச்சுட்டேம்பா."

"ஒயரப் பிடுங்கு. பெட்டிய வெளிய தூக்கு."

"மழ தூறுதுங்க" என்றாள் அம்மா.

"தூறட்டும். தூக்குலே."

முன்புறம் தகரம் போட்ட இறக்கத்துக்குக் கீழே வைத்தோம். அப்பா ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நான் கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த இறகு ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்து, பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரச் சாக்கின் மேல் ஒதுக்கினார். நான் துணியை நீட்டினேன்.

"தேய்க்காதலே. இதுக்குத் தேச்சாப் பிடிக்காது. காலேசுல சொல்லித் தரலையாக்கும்."

"நீங்க மட்டும் என்னவாம்?" அம்மா வாசற்படியில் நின்றபடி சொன்னாள். "சட்ட கதகதன்னு இருக்குன்னு மாப்பிள்ளையாட்டம் போட்டுட்டுப் போனீக."

அவர் சிரிக்கவில்லை. "எம்புட்டு வருசமா அடுப்புக்கிட்ட விடாதவன். இங்கன விட்டுட்டேனே" என்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இறகை வைத்துத் தகடுகளுக்கு நடுவில் அவர் அள்ளிய விதத்தைப் பார்த்தால், கார்டின் மேல் இறகு பட்டதா என்றே தெரியாது. முடித்ததும் உள்ளே போய்க் கயிற்றை அவரே அவிழ்த்துச் சுருட்டினார்.

"இனி இந்தப் பக்கம் என் துணி வரக்கூடாது" என்று அம்மாவிடம் சொன்னார்.

அன்று மாலை ஜூலை டிரைவரையே மறுபடி போட்டேன். அன்றைக்கு உரிய ஒரே வேலை வந்தது. இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. மறுநாள் அச்சகத்திலிருந்து திரும்பி வந்து பக்கத்தைத் திறந்தபோது 'சரி' என்று விழுந்திருந்தது.

உடனே எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. அடுத்த நாளும் ஒத்திப் போட்டேன். அந்தக் கேள்வி பதில் பக்கத்தில் நான் தவறாகச் சொன்னேன் என்று யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் தெரியப் போவதும் இல்லை. ஆனால் எங்கேயோ ஒருவர் என் பேச்சைக் கேட்டுத் தன் கார்டை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மாலை அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜூலை டிரைவரில் பிழை இல்லை, பிழை என்னுடையது என்று எழுதினேன். காரணம் சொல்லாமல் அந்த வரி நிற்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதினேன். எனக்குத் தனி அறை கிடையாது. என் அப்பா பட்டாசுக்கு மருந்து கலக்குகிறவர். மழைக்காலத்தில் அவர் சட்டை என் கம்ப்யூட்டரின் மேல் காய்ந்தது. தூசி இல்லை என்று நான் பார்க்காமல் சொன்னேன். அலுமினியப் பொடி என்பதற்கு எழுதியது சரியான சொல்தானா என்று இரண்டு தடவை அகராதி பார்த்தேன்.

நான்கு நாள் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. ஐந்தாம் நாள் அவர் எழுதியிருந்தார்: ஜூலை டிரைவரை மறுபடி போட்டுவிட்டேன். உங்கள் அப்பா பத்திரமாக இருக்கட்டும்.

அவருடைய கார்டு திரும்ப ஓட ஆரம்பித்ததை அவருடைய பக்கத்தில் பார்த்தேன். எனக்கும் ஒரு நாளைக்கு ஒன்று என்பது இரண்டாகி, நான்காகி, பழைய அளவுக்கு வந்தது. நோட்டில் ஜூலைக்கு எதிரே அடித்ததற்குப் பக்கத்தில் மறுபடி 'பொருத்தம்' என்று எழுதினேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரத்திலும் மழை விடவில்லை. அப்பா காலையில் ஈரச் சட்டையைப் பிழிந்து உதறிப் போட்டுக்கொள்வதை, படுக்கையைச் சுருட்டியபடி பார்த்தேன். முதுகில் ஒட்டியதும் ஒரு தடவை தோளைக் குலுக்கினார்.

"அப்பா, ரொம்பத் தள்ளி, சூட்டுக் காத்து வெளிய வர்ற பக்கமா கயித்தக் கட்டுனா..."

"வேண்டாம்லே. வேன்ல போறதுக்குள்ள காஞ்சிரும்."

மாலையில் அவர் அந்த மூலைக்கு வரவில்லை. வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கி பதினோரு சரிப்பா" என்று இங்கிருந்தே சத்தமாகச் சொன்னேன். இந்தத் தடவை அது உண்மையான எண். "ம்" என்றார். பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தேன். சூட்டுக் காற்று வந்துகொண்டுதான் இருந்தது. ஜன்னல் கம்பியில் கயிறு கட்டியிருந்த இடத்தில் துரு உரிந்து ஒரு வளையம் தெரிந்தது.